பொதுமக்கள் தரப்பில் கற்பகம் அம்மையார்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் வெம்பக்கோட்டை கருப்பணன் ஐயா அவர்களே, அம்மையாரின் மகள் செல்வலட்சுமி அவர்களே, மூன்றாவது வரிசையில் யாரும் கவனிக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் ஹரிஷ்குமார் அவர்களே, திருத்தங்கலிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு முக்கியமான அறிவிப்பு. நமது மின் நுகர்வோர் சங்கத்தின் செயற்குழு நேற்று மாலை அவசரமாகக் கூடியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இன்றைய இரங்கல் கூட்டத்தில் தேநீரை உரைகளுக்கு முன்பாகவே வழங்குவது என்று தீர்மானித்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உரைகள் முடிந்த பிறகே தேநீர் என்பது மரபு. அந்த மரபு இன்றோடு மாற்றப்பட்டிருக்கிறது. தீர்மானத்தைப் பாண்டிச்செல்வம் முன்மொழிந்தார், ராக்கப்பன் வழிமொழிந்தார். தேநீருடன் மிக்சரும் வேண்டும் என்ற திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றது. தோற்றவர்கள் முடிவை மதித்து, தங்கள் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

தீர்மானத்துக்குக் காரணம் கற்பகம் அம்மையாரின் அனுபவம். தேநீர் கடைசியில் என்றால் கூட்டம் பேச்சைக் கேட்காது, பிளாஸ்கைப் பார்க்கும் என்பார். முதலிலேயே கொடுத்துவிட்டால் கேட்க வந்தவர் யார், குடிக்க வந்தவர் யார் என்று தெரிந்துவிடும் என்பார். தேநீர் கொடுத்து முடித்து வெகுநேரம் ஆகிறது. நாற்காலிகள் நிறைந்தே இருக்கின்றன. ஆகவே தொடங்குகிறேன்.

கற்பகம் அம்மையார் யார்? பத்திரிகைச் செய்தியில் 'சமூக ஆர்வலர்' என்று போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தால் மறுப்பு எழுதி அனுப்பியிருப்பார். அவர் ஆயுள் காப்பீட்டு முகவர். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரில் ஆயுள் காப்பீடு விற்பது சுலபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இங்கே ஆயுளைப் பற்றிப் பேச்செடுத்தால், கேட்பவர் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவார். அவருக்கு மாடு இருக்காது. சீசன் நேரத்தில் அந்தப் பேச்சையே வீட்டுக்குள் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் கதவைத் தட்டி, உள்ளே போய், உட்கார்ந்து, கேட்க விரும்பாதவர்களைக் கேட்க வைப்பதையே வாழ்நாள் முழுக்கப் பயின்றவர் அவர். பிற்காலத்தில் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன்னால் போய் நின்றபோது, அது அவருக்குப் புதிய வேலையாகத் தெரியவில்லை.

நாம் கட்டும் மின் கட்டணத்தை முடிவு செய்வது யார்? விநியோக நிறுவனம் கேட்கும். ஆணையம் விசாரிக்கும். நடுவில் ஒரு நாள், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வரும். அந்தப் பொதுமக்கள் யார்? மதுரையில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அம்மையார் முதல்முறை போனபோது, முன்வரிசையில் ஆலைகளின் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். அடுத்த வரிசையில் பொறியாளர்கள். அதற்குப் பின்னால் இவர்களையெல்லாம் காரில் கூட்டிவந்த டிரைவர்கள். அதற்கும் பின்னால் அம்மையார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், 'பொதுமக்கள் தரப்பில் சில ஐயங்கள் எழுப்பப்பட்டன' என்று இருக்கிறது. அந்தப் பொதுமக்கள் அவர்தான். பல ஆண்டுகள் நமது மாவட்டத்தின் பொதுமக்களாக அவர் ஒருவரே பணியாற்றினார்.

ஒரு வருடம் அவருக்கு டைபாய்டு வந்தது. அந்த வருடக் குறிப்பில், 'பொதுமக்கள் தரப்பில் ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று பதிவாகியிருந்தது. காய்ச்சல் விட்டு எழுந்து அதைப் படித்தவர், நேராகத் திருத்தங்கலில் என் அச்சகத்துக்கு வந்தார்.

"முனியராஜு, நான் படுத்தா மாவட்டமே சம்மதிச்சிருதுப்பா. இது சரிப்படாது. ஆள் சேக்கணும்."

"எனக்கு கரண்டைப் பத்தி என்னக்கா தெரியும்? எப்பப் போகும்னு தெரியும். அம்புட்டுத்தான்."

"அது போதும். அந்தக் கூட்டத்துல அது தெரிஞ்ச ஆளே கிடையாது."

சங்கம் பிறந்தது அப்படித்தான். காலண்டர் அடித்துக்கொண்டிருந்த நான் செயலாளர் ஆனேன்.

தலைவர் கருப்பணன் ஐயா சங்கத்துக்கு வந்த வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். வெம்பக்கோட்டையில் அவர் தோட்டத்துக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. பருத்தி காய்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் கேட்டால், பதிவேட்டின்படி புதிய டிரான்ஸ்பார்மர் வைத்தாகிவிட்டது என்றார்கள். அது எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஐயா அங்கே மேசையைத் தட்டிப் பேசினார், கட்சிக்காரர்களைக் கூட்டிப் போனார், பலிக்கவில்லை. அம்மையார் போனார். சண்டை போடவில்லை. "அப்படியா, வச்சாச்சா, ரொம்பச் சந்தோசம்" என்றார். "அந்த டிரான்ஸ்பார்மர் பக்கத்துல நீங்களும் நானும் நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிடுவோம். பேப்பர்ல போடுவாக. வாங்க, ஆட்டோ நிக்குது." போட்டோ எடுக்க அவர்கள் வரவில்லை. டிரான்ஸ்பார்மர் வந்தது.

அம்மையாரின் கோபம் இப்படித்தான் இருக்கும். அதில் சத்தம் இருக்காது. எதிரில் இருப்பவர் சொன்னதை முழுமையாக நம்புவார். நம்பிவிட்டு, அதன்படி அடுத்த வேலையைத் தொடங்குவார்.

பெரியோர்களே, இவையெல்லாம் சிறிய காரியங்கள். அம்மையார் தன் கடைசி வருடங்களைக் கொடுத்தது மாரித்தாய் வழக்குக்கு. அதை ஓரளவு விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

மாரித்தாய் திருத்தங்கலில் ராக்கப்பனின் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அவரும் கணவர் சோணைமுத்துவும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலையில் நடந்த ஒரு விபத்தில் சுவர் விழுந்து சோணைமுத்துவுக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. படுத்தே கிடப்பவர்களுக்குப் புண் வராமல் இருக்க, மின்சாரத்தில் ஓடும் காற்றுப் படுக்கை ஒன்று உண்டு. சின்ன மோட்டார் ஒன்று அதன் அறைகளில் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பும். கரண்ட் இல்லாவிட்டால் அது வெறும் ரப்பர் துணி. சோணைமுத்துவுக்கு ஒருமுறை புண் வந்து, உள்ளே புரையோடி, மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தார். இன்னொரு முறை வந்தால் நான் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கணவரைப் பார்த்துக்கொள்ள மாரித்தாய் ஆலைக்குப் போவதை விட்டார். வீட்டிலேயே பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்ற ஆரம்பித்தார். அதில் மருந்து கிடையாது, வெறும் கூடு. கம்பியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருட்டி, உருவி எடுத்துக் காய வைக்கிற வேலை. இந்தச் சபையில் பாதிப் பேர் அதைச் செய்தவர்கள். மீதிப் பேர் அதைச் செய்தவர்களின் பிள்ளைகள்.

ஒருநாள் பாலிசி விஷயமாக அம்மையார் அந்த வீட்டுக்குப் போனார். பங்குனி வெயில். சோணைமுத்து வெளியே வேப்பமரத்தடியில் சாய்வு நாற்காலியில் இருந்தார். உள்ளே மின்விசிறி ஓடவில்லை. மாரித்தாய் வியர்த்து வழிந்தபடி குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏன்டி மாரி, கரண்ட் இல்லையா?"

"இருக்குக்கா. மெயினை அணைச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"வேலை பாக்கேன்லக்கா."

இந்தப் பதிலுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. ஆணையத்துக்குப் பின்னால் தேவைப்பட்டதால் இங்கேயும் சொல்கிறேன். ஆலையில் மருந்து அறைக்குள் மின்சாரம் கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. செல்போனை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து அப்படி வேலை பார்த்தவருக்கு, கையில் வேலை ஏறினால் சுவரில் கரண்ட் இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பது வெறும் காகிதம் என்பது அவர் புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

"வெறும் பேப்பர்ல என்னடி வெடிக்கப்போகுது?"

"ஒண்ணும் வெடிக்காதுக்கா. ஆனா மெயின் போட்டிருந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

மரத்தடியிலிருந்து சோணைமுத்து குரல் கொடுத்தார். "அவகிட்ட ஏன் கேக்கீக? நான் உள்ள படுத்தா மெயினைப் போடணும். அவ வேலை பாத்தா மெயினை அணைக்கணும். அதான் ராக்கப்பனை விட்டு என்னையத் தூக்கி வெளிய வச்சிட்டு உக்காந்திருக்கா."

"ஆமா, நீங்க உள்ள கிடந்தா நான் என்னத்தச் சுத்த? பேசாமக் காத்து வாங்குங்க."

அன்று அம்மையார் சிரித்துவிட்டு வந்தார். பாலிசியைப் பற்றிப் பேச மறந்துவிட்டதாக என்னிடம் சொன்னார்.

கொஞ்ச நாளில், ஆய்வுக்குப் போன மின் அலுவலக ஊழியர் ஒருவர் அந்த வீட்டில் குழாய்க் கட்டுகள் அடுக்கியிருப்பதைப் பார்த்தார். வீட்டில் தொழில் நடக்கிறது என்று எழுதினார். வீட்டு இணைப்பு வணிக இணைப்பாக மாறியது. குழாய் சுற்றி வருவதை அப்படியே கொட்டினாலும் பில்லுக்குக் காணாது. கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்கள். துண்டித்தால் படுக்கை நிற்கும். குழாய் சுற்றுவதை விட்டால் கரண்ட் இருக்கும், அடுப்பு எரியாது. சுற்றினால் அடுப்பு எரியும், கரண்ட் இருக்காது. இந்த இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை விதிமுறை நுகர்வோருக்கு முழுமையாக வழங்கியிருந்தது.

அப்போது அந்தப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்தவர் ஹரிஷ்குமார். அவர் இங்கேயே இருப்பதால் நடந்ததைக் கவனமாகச் சொல்கிறேன். பிழை இருந்தால் எழுந்து திருத்தலாம். அம்மையார் இவருடைய அலுவலகத்துக்கே போனார்.

"மேடம், வீட்டுல தொழில் நடக்குது. ரூல்படி கமர்ஷியல்" என்றார் இவர்.

"தொழில் நடக்குது தம்பி, நான் இல்லைங்கலை. உங்க கரண்ட் இல்லாம நடக்குது. மெயினை அணைச்சிட்டுத்தான் அவ கம்பியையே எடுப்பா."

"கமர்ஷியல் போடுவோம்னு பயந்துக்கிட்டா?"

"இல்லப்பா. பழக்கம்."

"பழக்கத்துக்கு ரூல்ல இடம் இல்ல மேடம். ஆணையம் ஒரு ஆணை போட்டா நான் மாத்திருவேன்."

"சரி, வாங்கிட்டு வாரேன். அதுவரைக்கும் லைனை வெட்டாதீக." எழுந்தவர், பையின் ஜிப்பைத் திறந்துகொண்டே மறுபடி உட்கார்ந்தார். "தம்பிக்குப் பாலிசி எதுவும் இருக்கா?"

ஹரிஷ்குமார் பாலிசி எடுத்தார். லைனை வெட்டாமல் தள்ளிப் போட்டார். துண்டிப்பு ஏன் நடக்கவில்லை என்று மேலிடம் கேட்கும்போதெல்லாம் ஏணி பழுது, ஆள் பற்றாக்குறை, கனமழை என்று பதில் போனது. கனமழை என்று எழுதியது சித்திரை மாதம். அவை எல்லாமே உண்மையான காரணங்கள்தான் என்று சங்கம் உறுதியாக நம்புகிறது.

பிறகு மதுரை. ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம். அம்மையார் மாரித்தாயையும் அந்தத் தெருவில் குழாய் சுற்றும் பெண்களையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். செய்து காட்டச் சொன்னால் காட்டலாம் என்று கம்பி, காகிதம், பசை எல்லாம் பையில் இருந்தன. கையில் வேலைச் சாமான் இருந்ததால், அரங்கின் வாசலில் பெண்கள் எல்லோரும் செல்போனை எடுத்துக் காவலாளியிடம் நீட்டினார்கள். அவர் வேண்டாம் என்றார். விடவில்லை. அப்புறம் செம்புத் தகட்டைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வரவேற்புக்கு வைத்திருந்த பித்தளைக் குத்துவிளக்கு கண்ணில் பட்டது. ஒவ்வொருவராக அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். ஆணையத்தார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள்.

அம்மையார் எழுந்தார். அவர் வாதம் ஒரே வாக்கியம்தான். "அந்த வீட்டில் மின்சாரமும் வேலையும் ஒரே நேரத்தில் இருந்ததே கிடையாது." ஆணையத்தின் தலைவர், இதை எப்படி நம்புவது என்று கேட்டார். அவளே செய்து காட்டுவாள் என்றார் அம்மையார். மாரித்தாய் முன்னால் வந்தார். பையிலிருந்து கம்பியை எடுத்தார். மேடைக்குப் பக்கத்துச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தது. யாரும் சொல்லவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. போய், மேலிருந்து கீழாக எல்லா சுவிட்சையும் அணைத்தார்.

விளக்கு போனது. ஏசி நின்றது. மைக் செத்தது. மாரித்தாய் தரையில் உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சத்தில் குழாய் சுற்றத் தொடங்கினார். மைக் முன்னால் வாயே திறக்காதவர், கை ஓட ஆரம்பித்ததும் பேசினார்.

"எனக்கு ரெண்டு வேளை சார். அவுக வெளிய இருந்தா நான் வேலைக்காரி. அவுக உள்ள வந்தா நான் பொண்டாட்டி. உங்க கரண்டு பொண்டாட்டிக்குத்தான் வருது. வேலைக்காரிக்கு ஒருநாளும் வந்ததில்ல. பில்லை வேலைக்காரி பேர்ல போட்டா எப்பிடி?"

மாரித்தாய் சுற்றிக்கொண்டே அந்தப் படுக்கையைப் பற்றிச் சொன்னார், புண் வந்த கதையைச் சொன்னார். ஆணையத்தின் தலைவர் நெற்றியைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார் என்று சிலர் சொல்கிறார்கள். வெளிச்சம் போதவில்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் வெளியே வந்து எங்களிடம், நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்று கை குலுக்கினார். பஸ்ஸில் வரும்போது பெண்கள் பாட்டுப் பாடினார்கள்.

ஆணை வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. 'மின்தடை காரணமாக அமர்வு சிறிது நேரம் தடைப்பட்டது. மனுதாரர் தரப்பில் வாய்மொழிச் சாட்சியம் எதுவும் பதிவாகவில்லை.'

என்ன நடந்தது? சுவிட்ச் போர்டில் பதிவுக் கருவியின் சுவிட்சும் இருந்தது. அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் மாரித்தாய் பேசியதைக் கேட்டார்கள். கருவி கேட்கவில்லை. ஆணை என்பது கருவி கேட்டதை வைத்து எழுதப்படுவது.

ஆணை நிராகரித்த பிறகு ஏணி பழுது என்று எழுத முடியாது. ஹரிஷ்குமார் ஆளை அனுப்பாமல் தானே வந்தார். லைனை வெட்டினார். வெட்டிவிட்டு இறங்கி, அம்மையாரிடம் மெதுவாக, "மேடம், மறுஆய்வு மனு போட்டா அதுலேயே இடைக்கால உத்தரவும் கேக்கலாம். சென்னைக்கு நேர்ல போங்க, தபால்ல வேண்டாம்" என்றார். மாரித்தாய் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க லைனை நானே வெட்டிக்கிட்டேன்லக்கா."

"போடி. அம்புட்டுப் பேருக்கும் வேத்து ஊத்துச்சா இல்லையா? நீ சொன்னது அவுகளுக்கு ஏறிருச்சு. இனி மிஷினுக்கு ஏத்தணும். அம்புட்டுத்தான்."

காற்றுப் படுக்கை அடங்கிப்போய்க் கிடந்தது. தெருவில் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் போனால் ஒருவர் வந்து, ராக்கப்பனோடு சேர்ந்து சோணைமுத்துவைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். "இப்ப நாள் பூரா மெயின் அணைஞ்சுதான கெடக்கு, நீ நாள் பூரா குழாய் சுத்தலாம்ல" என்று சோணைமுத்து மாரித்தாயிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அம்மையார் அன்றைக்கே சாத்தூரில் சென்னை ரயில் ஏறியிருந்தார். இடைக்கால உத்தரவோடு திரும்பினார். லைன் வந்தது. முதுகில் சிவந்திருந்த இடம் நல்லவேளையாகப் புண்ணாகாமல் ஆறியது. ஆனால் அந்த உத்தரவு, மறுஆய்வு முடியும்வரைதான் செல்லும்.

மறுஆய்வு மனுவில் அம்மையார் எழுதிய வாக்கியங்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 'அன்றைய அமர்வில் மின்தடை ஏதும் ஏற்படவில்லை. எங்கள் சாட்சி மின்சாரத்தை அணைத்தார். அதுதான் எங்கள் சாட்சியம்.' இதனால் விநியோக நிறுவனத்தின் மேல் இருந்த மின்தடைப் பழி நீங்கியது. கற்பகம் அம்மையார் தன் வாழ்நாளில் விநியோக நிறுவனத்துக்கு ஆதரவாகக் கொடுத்த ஒரே வாக்குமூலம் அது.

ஆணையம் மறுபடி விசாரிக்கச் சம்மதித்தது. செயற்குழு கூடியது. இந்தமுறை மாரித்தாயைச் சுவிட்ச் பக்கம் போகாமல் பழக்க வேண்டும் என்று பாண்டிச்செல்வம் சொன்னார். என் அச்சகத்திலேயே ஒத்திகை வைக்கலாம் என்றும் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். அம்மையார் மட்டும் ஆட்டவில்லை.

"அவளைத் திருத்திக் கூட்டிட்டுப் போறதா இருந்தா, அவ எதுக்கு? நீங்களே போய்ச் சுத்துங்க."

"அக்கா, மறுபடியும் அணைச்சிட்டா?"

"அணைப்பா. அதைச் சொல்லத்தானப்பா போறோம். மாத்திக்கிட வேண்டியது அவுக."

ஆணையத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். சாட்சி மின்சாரத்தை அணைப்பார் என்பதால், பேட்டரியில் ஓடும் பதிவுக் கருவி ஒன்றை அரங்கில் வைக்க வேண்டும் என்று. ஆணையம் அதை ஏற்றது. இந்த நாட்டில் எத்தனையோ பெரிய மனிதர்கள், தங்களுக்காக விதிகளை வளைத்திருக்கிறார்கள். ஒரு குழாய் சுற்றும் பெண்ணின் கைப்பழக்கத்துக்காக ஒரு ஆணையத்தைப் பேட்டரி வாங்க வைத்தவர் யார்? கற்பகம் அம்மையார் ஒருவர்தான்.

மாரித்தாய் வந்தார். அணைத்தார். உட்கார்ந்து சுற்றினார். பேசினார். கருவி கேட்டது. அந்த அரை இருட்டில் அம்மையார், இது மாரித்தாய்க்கு மட்டும் உரியதல்ல, மோட்டார் இல்லாமல் வீட்டில் கையால் வேலை செய்யும் எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று கேட்டார். தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள், காலண்டருக்குக் கயிறு கோக்கிறவர்கள், எல்லோரையும் சொன்னார். அங்கே வராதவர்களின் வேலைகளையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அத்தனை வீடுகளுக்கும் பாலிசி விற்கப் போனவர் ஆயிற்றே. ஆணை பின்னர் என்று சொல்லி அமர்வு முடிந்தது.

அந்த ஆணைக்காகக் காத்திருந்த நாட்களில்தான் அம்மையாருக்கு மாரடைப்பு வந்தது. விருதுநகர் ஆஸ்பத்திரியில் நானும் செல்வலட்சுமியும் பக்கத்தில் இருந்தோம். ஆணை வந்ததா என்று கேட்டார். இல்லைக்கா என்றேன்.

"வரும். வந்தா, படிச்சுப் பாத்துட்டுச் சந்தோசப்படுங்க. படிக்காமச் சந்தோசப்பட்டிராதீக."

என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். அதற்குப் பிறகு மகளிடம் பேசினார். அது மகளுக்குச் சொன்னது, நான் கேட்கவில்லை.

அன்பானவர்களே, இந்தச் சங்கம் அவருக்கு ஒரு முறை 'நுகர்வோர் திலகம்' என்று பட்டம் கொடுக்க முயன்றது. சால்வையை வாங்கிக்கொண்டார். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சால்வை சோணைமுத்துவின் சாய்வு நாற்காலியில் விரித்திருக்கிறது. ஆகவே இன்றும் பட்டம் எதுவும் சொல்லாமல் அவரைக் கற்பகம் அம்மையார் என்றே அழைக்கிறேன். அதைவிடப் பெரிய பெயர் இந்தச் சபையில் யாருக்கும் தெரியாது.

அவரைப் போல வாதிட நம்மால் முடியுமா? முடியாது. அவரைப் போல எதிராளிக்குப் பாலிசி விற்க முடியுமா? அதுவும் முடியாது. ஆனால் போய் உட்கார முடியும். அடுத்த மாதம் மதுரையில் கட்டண விசாரணை இருக்கிறது. நான் போகிறேன். கருப்பணன் ஐயா வருகிறார். ராக்கப்பன், பாண்டிச்செல்வம் வருகிறார்கள். இடம் இருக்கிற பஸ்ஸாகப் பார்த்துக்கொள்ளலாம், வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அறிவிப்பைப் படித்துவிட்டு வாருங்கள். படிக்க முடியாதவர்களுக்கு என் அச்சகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்துச் சொல்லப்படும். அம்மையார் விட்ட இடத்தில் வேறு ஒருவரை நிறுத்த நம்மிடம் ஆள் இல்லை. எல்லோருமாகப் போய் நிற்போம். இதுதான் இந்தச் சங்கம் அவருக்குத் தரும் வாக்கு. செல்வலட்சுமி, உங்கள் அம்மாவை எங்களுக்குக் கடன் கொடுத்திருந்ததற்கு உங்கள் குடும்பத்துக்கு நன்றி.

உட்காரும் முன், ஆணையைப் பற்றிய தகவல். அம்மையார் மறைந்த மறு வாரம் அது வந்தது. அவர் சொன்னபடி முதலில் படித்தோம். மோட்டார் இல்லாமல் வீட்டில் கையால் செய்யும் வேலைக்கு வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று எழுதியிருக்கிறது. மறுமுறையும் படித்தோம். அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நேற்று முன்தினம் காலை, மாரித்தாயின் இணைப்பை வீட்டுக் கட்டணத்துக்கு மாற்ற, மின் அலுவலகத்திலிருந்து ஒரு ஊழியர் வந்தார். மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். சோணைமுத்து மரத்தடியில் இருந்தார். மாரித்தாய் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். ஊழியர் மதியம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். ராக்கப்பன் வந்து சோணைமுத்துவைத் தூக்கி உள்ளே படுக்க வைத்ததும் மெயினைப் போட்டார்கள். அவர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார்.